முகப்பரு வினைப்பயனா?

25 வயதுக்குப் பிறகும் நிற்காமல் வரும் பருவையும், அந்த வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் பருவையும் மருத்துவம் வயது வந்தோர் முகப்பரு என்று தனியாக வைத்துப் பேசுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் தாடை ஓரத்திலும் வரும். மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் பெருகும். பதினாறு வயதுப் பரு யாருக்கும் கேள்வியாவதில்லை. பிள்ளை பெற்று, வேலைக்குப் போகிற வயதில் வருவதற்குத்தான் தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி போன்ற ஊர்களில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உடம்புச் சூடு என்பார்கள், கண்ணு பட்டுப்போச்சு என்பார்கள், குலதெய்வத்துக்கு ஏதோ குறை வைத்துவிட்டீர்கள் என்பார்கள். எதுவும் பொருந்தாவிட்டால் போன பிறவியில் செய்த பாவம் என்று முடிப்பார்கள். அப்படிச் சொல்ல நம் சமயங்கள் இடம் தருகின்றனவா என்பது ஆராய வேண்டிய கேள்வி.

தோலில் நடப்பதை முதலில் பார்க்கலாம். மயிர்க்காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டவை. எண்ணெய் மிகும்போது, உதிர வேண்டிய தோல் செல்கள் அதோடு சேர்ந்து துளையை அடைக்கின்றன. உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. பரம்பரை, சினைப்பை நீர்க்கட்டி, நெற்றிவரை வழியும் தலையெண்ணெய், சில மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டும். இவற்றில் எதுவும் ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கோயில் வழக்கத்திலும் குற்ற விசாரணை இல்லை. பரு, மரு, கட்டி வந்தவர்கள் கல் உப்பும் மிளகும் பொட்டலமாக வாங்கி அம்மன் சன்னதியில் கொட்டிவிட்டு வருவது தமிழ்நாடு முழுக்க உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்தி, குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். பொட்டலத்தைக் கொட்டுகிறவரிடம் என்ன பாவம் செய்தாய் என்று பூசாரி கேட்பதில்லை. நோய் போக வேண்டும் என்ற வேண்டுதல் மட்டுமே அங்கே நடக்கிறது. இந்த எளிய வழிபாட்டில் இருக்கும் கருணை, பாவக் கணக்குப் பேசுகிற உறவினர்களிடம் இல்லை.

ஆனாலும் நோயை வினையோடு சேர்த்துப் பேசும் மரபு நம்மிடம் இருப்பதை மறுக்க முடியாது. உடலின் அமைப்பையும் தோற்றத்தையும் நாம கருமம் தீர்மானிக்கிறது என்பது சமணக் கொள்கை. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் கண்ணிழந்தார்; பின்பு உடலில் தோன்றிய பிணி திருத்துருத்திக் குளத்தில் நீராடியபோது நீங்கியது என்கிறது பெரியபுராணம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தவறு எது என்று சுந்தரருக்கே தெரியும். வேறு யாரும் அவர் உடம்பைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. திருநாவுக்கரசருக்கு வந்த சூலையோ தண்டனை என்பதைவிட, அவரைத் திருவதிகைக்கு அழைத்து வந்த அருள் என்றே சைவம் போற்றுகிறது. ஒரே நூலில் நோய்க்கு இரண்டு பொருள்.

மூன்றாவது கதை பொம்மிடிக்குப் பக்கத்து வட்டாரத்தில் நடந்தது. சேலத்துக்கு அப்பால் உள்ள திருச்செங்கோடுதான் பழைய கொடிமாடச் செங்குன்றூர். அங்கே திருஞானசம்பந்தரின் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அது அந்த நிலத்தின் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டே, ஆனாலும் அது நம்மை அண்டலாகாது என்று அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகச் சேக்கிழார் சொல்கிறார். பதிகம் வினையைப் பேசுகிறது. கதை நிலத்தையும் பருவத்தையும் பேசுகிறது. சுரம் வந்த அடியார்களில் யார் பாவி என்று சம்பந்தர் தேடவில்லை.

எல்லா நோய்க்கும் வினையே காரணம் அல்ல என்பதைத் தர்க்கமாகவே நிறுவியது பௌத்தம். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று சீவகன் என்ற துறவி கேட்டதற்குப் புத்தர் தந்த விடை சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. பித்தம், கபம், வாதம், இம்மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், முறையற்ற பழக்கம், திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என்று 8 காரணங்களை அவர் அடுக்குகிறார். வினை அவற்றுள் ஒன்றே. எல்லாம் முன்வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. விவிலியத்தின் யோபு ஆகமமும் இதற்கு நெருங்கி வருகிறது. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொடிய பருக்களால் துன்புற்ற யோபுவிடம் நீ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடிய நண்பர்களைத்தான் கடவுள் இறுதியில் கண்டிக்கிறார்.

வினைக்கொள்கையை முழுதாக ஏற்பவருக்கும் ஒரு தடை இருக்கிறது. வினையால் நோய் வரலாம் என்பது ஒரு கூற்று. இந்த நோய் இவருடைய இன்ன வினையால் வந்தது என்பது வேறு கூற்று. இரண்டாவதைச் சொல்ல முற்பிறப்பை அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு இல்லாமல் ஒரு பெண்ணின் தாடையைப் பார்த்துப் பாவம் என்பது பக்தி ஆகாது, வெறும் பழிச்சொல். ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராயச் சொன்னவர், நோயாளியின் முற்பிறப்பை ஆராயச் சொல்லவில்லை.

அழியும் உடம்புக்கு இத்தனை கவனம் எதற்கு என்ற இன்னொரு கேள்வியும் எழும். காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றவர். அது அவர் தாமே கேட்டுப் பெற்ற துறவு. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தையும் தோலையும் எடைபோடும் ஊரில், பரு வந்தவளிடம் மட்டும் அழகு அநித்தியம் என்று உபதேசிப்பது நியாயமில்லை. திருமூலர் தாம் முன்பு இழுக்கென்று எண்ணிய உடம்பைப் பின்பு இறைவன் உறையும் இடமென்று உணர்ந்து பேணியதாகச் சொல்கிறார். மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன விளக்கம் இன்னும் தெளிவானது. புண்ணுக்கு மருந்திட்டுத் துணி சுற்றுகிறவன் புண்மேல் கொண்ட ஆசையால் அதைச் செய்வதில்லை. துறவி உடலைப் பேணுவதும் அப்படியே என்றார். ஆசையை விட்டவருக்கே இது பொருந்தும் என்றால், வலியும் வெட்கமும் தாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் களிம்பு தடவுவதில் குற்றம் காண ஏதுமில்லை.

செய்ய வேண்டியவை சில. முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பால் கழுவினால் போதும். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். பருவைக் கிள்ளக் கூடாது. நம் நிறத் தோலில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலீன், அசிலாயிக் அமிலம் போன்ற பூச்சுகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் கைவிடுவதால்தான் பலருக்கு மருந்து பலிப்பதில்லை. மாதவிலக்கு தவறுதல், முகத்தில் முடி வளர்தல் சேர்ந்திருந்தால் ஹார்மோன் பரிசோதனை வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும் என்பதால் கருவுற்றவர் அதைத் தொடவே கூடாது; கருவுற வாய்ப்புள்ளவர் மருத்துவர் கண்காணிப்பின்றி அதை எடுக்கக் கூடாது.

உண்மையான ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு டியூப்பில் இருக்கிறது. பூசிய சில நாளில் முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் பரு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். 2018இல் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை செய்தது.

உப்பும் மிளகும் போட விரும்புகிறவர் போடலாம்; சிகிச்சைக்கு அது தடையில்லை. கூடவே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ரயிலேறிச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்று தோல் மருத்துவரையும் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் பாவக் கணக்குப் பேசுவதை விட்டுவிட்டு அவரோடு துணைக்குப் போக வேண்டும்.