புத்தகம் கேட்ட கைதி



புனித சின்னப்பர் சிறையிலிருந்து திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இறுதியில் இரண்டு பொருட்களைக் கேட்கிறார். ஒன்று மேற்போர்வை, மற்றது புத்தகங்கள். மரணம் அண்மித்துவிட்டதை அறிந்தவர் அவர். ஆயினும் வாசிக்க வேண்டும் என்கிறார். கந்தப்பளைக் குளிரில் வாழும் நமக்குப் போர்வையின் அருமை தெரியும். கைதியின் கையிலுள்ள புத்தகத்தின் அருமை தெரியுமா?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளை சந்தேகத்தின் பேரில் கொண்டுபோகப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1979 ஆம் ஆண்டில் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அமைச்சரின் கட்டளைப்படி ஒருவரைக் குற்றப்பத்திரம் இன்றியே 18 மாதம் வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022 இல் அக்காலம் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பின்னும் விளக்கமறியலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோர் பலர்.

தண்டனை பெற்றவன் நாட்களை எண்ணலாம். தீர்ப்பே இல்லாதவன் எதை எண்ணுவான்? சட்டத்தின் கண்ணில் அவன் நிரபராதி. நிரபராதியின் வாலிபத்தை வீணாக்குவது தண்டனை அன்றோ? பின்னர் விடுதலை கிடைத்தாலும் தவறிய பரீட்சையை, கடந்த வயதை, எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

“வெளியே உள்ள பிள்ளைகளுக்கே ஆசிரியர் போதாது, மறியலில் இருப்பவனுக்குப் படிப்பா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியே உள்ள பிள்ளை ஒரு பள்ளியில் இல்லாததை இன்னொரு பள்ளியில் தேடிப் போகலாம். இவனுடைய கதவைப் பூட்டியது அரசு. பூட்டியவனுக்கே கடமையும் உண்டு.

2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள், விசாரணை முடியாத கைதி தன் செலவிலோ பிறர் செலவிலோ புத்தகமும் எழுதுபொருளும் பெறலாம் என்கின்றன; குற்றம் சாட்டப்படாமல் அடைக்கப்பட்டவருக்கும் அதே பாதுகாப்பைத் தருகின்றன. தன் செலவில் என்றால், மலையில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு எப்படி இயலும்? ஒருநாள் பேரை இழந்து, காலியிலுள்ள பூசா முகாம் வரை போய் மகனைப் பார்ப்பதே அவளுக்குப் பெருஞ்செலவு. “பிறர்” என்ற அந்தச் சொல் நம்மைக் குறிக்கவில்லையா?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாம், புனர்வாழ்வு என்ற பெயரில்தான் நடத்தப்பட்டது. 2000 ஒக்டோபர் 25 காலை அங்கு புகுந்த கும்பல் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றது. 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எனினும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தபின், தண்டனை அனுபவிக்க ஒருவருமில்லை. ஆகவே, வகுப்பறை நீதிமன்றத்துக்கு ஈடாகாது. பாடப்புத்தகத்தைக் கொடுத்து, விசாரணையைக் கேட்காதிருப்போமானால் நாமும் பூட்டுக்குக் காவல் நிற்பவர்களே.

நம் பாட்டன்மார் கல்வி மறுக்கப்பட்டு லயத்தில் முடங்கிய கதையை நாம் அறிவோம். எழுத்தறியாமை எத்தகைய சிறை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் பங்கில் அப்படிப்பட்ட தாய் ஒருத்தி இருந்தால், பூசைக்குப்பின் அவளை விலகிப் போகாதீர்கள். மகன் எந்தப் பாடம் படித்தான் என்று கேளுங்கள். பரீட்சை விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். சிறையில் இருந்தேன், பார்க்க வந்தாயா என்று ஆண்டவர் நம்மிடம் கேட்கும் நாளில், வெறுங்கையோடு நிற்கலாமா?