வாசலில் நின்ற தோழர்



சென்ற மாதம் ஊரில் என் பால்ய நண்பர் சிவபதமடைந்தார். ஒன்றாக ஏடு தொடக்கி, ஒரே கேணியில் நீந்தப் பழகியவர்கள் நாங்கள். நெருங்கிய உறவென்றால் 31 நாள் துடக்கு உண்டு, நண்பருக்கு ஒன்றுமில்லை. மறுநாளே கோயிலுக்கு வந்தேன். வர முடிந்ததே மனதைச் சுட்டது.

அன்று சேரமான் பெருமாள் நாயனாரை நினைத்தேன். சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளையானையில் கயிலைக்கு எழுந்தருளியதை உணர்ந்த சேரமான், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, வான்வழியே சென்று அவருடன் சேர்ந்தார். ஆனால் கயிலை வாசலில் தடைப்பட்டு நின்றுவிட்டார். அழைப்பு சுந்தரருக்குத்தானே! உள்ளே போன சுந்தரர் தோழரை மறக்கவில்லை. அவர் வாசலில் நிற்பதை இறைவனிடம் விண்ணப்பித்தார். அதன் பின்பே சேரமானுக்கு வழி கிடைத்தது என்கிறது பெரியபுராணம்.

தேர்த் திருவிழாவில் முன்னே ஓடிப்போய் எனக்கும் சேர்த்து இடம் பிடிப்பவர் என் நண்பர். இப்போதும் முந்திவிட்டார்.

ஆடிச் சுவாதி இருவருக்குமே குருபூசை நாள். அன்று மாலைப் பூசையில் அவர் நினைவாக ஒரு நெய்விளக்கு ஏற்றுவேன். நண்பரை இழந்த அன்பர்கள் யாராயினும் வாருங்கள். திரியும் நெய்யும் கூடுதலாகவே கொண்டுவருகிறேன்.