தொட்டால் மட்டும் தெரியும் உயிர்

ஆடி முடிந்து வீடு மாறினோம். பழைய வீட்டில் ஏழு வருஷமாக ஒரே தொட்டியில் நின்ற கறிவேப்பிலை, அடித்துளை வழியாக வேரைத் தரைக்குள் இறக்கியிருந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பிடித்து இழுத்தது நான்தான். சுண்டுவிரல் தடிமன் ஆணிவேர் அறுந்த சத்தம் கேட்டது. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது தாய்மண்ணும் உதிர்ந்தது. நான்காம் நாள் இலையெல்லாம் தொங்கிவிட்டது.

ஆம்பூர் டேனரியில் 31 வருஷம் உழைத்த கை இது. சுண்ணாம்பில் ஊறிய தோலைப் புரட்டி, சதை வழித்து, டிரம்மில் சுற்றவிட்டு, எவ்வளவு பாடுபடுகிறோமோ அவ்வளவு தோல் பதமாகும். அந்தப் பழக்கத்தில் செடியிடமும் பாடுபட்டேன். காலையும் மாலையும் தண்ணீர், ஒரு கைப்பிடி உரம், வேர் பிடித்ததா என்று அடிக்கடி மண்ணைக் கிளறல். இலை இன்னும் கொட்டியது.

மருமகள் தமிழாசிரியை. "மாமா, தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்னு சொல்றார். அந்த ஒரு அறிவு தொடு உணர்ச்சி" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அதற்குக் கண் இல்லை, காது இல்லை. நான் படும் வருத்தம் அதற்கு எட்டாது. என்னைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் என் கை ஒன்றுதான். அந்தக் கை அறுத்தது, கிளறியது. இப்படிப்பட்ட உயிரிடம் இரக்கம் என்றால் என்ன?

சமணரும் செடியை ஓரறிவு உயிராகவே எண்ணினார்கள். எங்கள் பக்கத்து மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது; எட்டாம் நூற்றாண்டில் அவர்கள் கோயிலாக்கிய இடம். கூரையில் வரைந்த ஓவியங்கள் சிதைந்த நிலையில் இன்னும் தெரிகின்றன. தோல் வேலையில் சோறு தின்றவன் நான். எந்த உயிருக்கும் துன்பம் செய்யாத சமணத் துறவிகளின் நெறிக்கு வெகு தூரம். வெட்டுவதும் கொல்வதும்தான் இம்சை என்று இருந்தேன். பதற்றத்தில் செய்யும் உபகாரமும் இம்சை என்பது இந்த 64 வயதில்தான் உறைத்தது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை இரக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் தோல் பதனிடும் பகுதியில் டேனரிக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பாழானதை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கழிவு கலந்த எங்கள் பாலாற்றைச் சும்மா விட்டால் தானாகத் தேறும் என்று எந்த வாயால் சொல்வேன்? கெடுத்தவன் முதலில் தான் போட்டதை எடுக்க வேண்டும். அதன் பிறகே விலகி நிற்க அவனுக்கு உரிமை.

மறுநாள் உரத்தை மேல்மண்ணோடு வழித்தெடுத்தேன். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்த்தூவிகள் போன பிறகு அத்தனை இலைக்கும் செடியால் நீர் கொடுக்க முடியாது. வாடிய கிளைகளை வெட்டிவிட்டேன். வெயில் நேராக விழாத வடக்குத் திண்ணையில் வைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. பிடித்து வைத்த மழைத்தண்ணீரை, விரலின் முதல் கணு ஆழம் மண் காய்ந்த அன்று மட்டும் ஊற்றினேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். தொடமாட்டேன். அந்த நாட்கள் கடினமாகவே இருந்தன.

இருபத்தாறாம் நாள் ஒரு கணுவில் கடுகு அளவு பச்சை தெரிந்தது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு செடி வாடி நின்றால், எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, துளிர் வரும்வரை உரம் போடாதீர்கள், வேரைக் கிளறிப் பார்க்காதீர்கள்.