விக்கெட் கீப்பரும் ஊழும்

விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. பாவம், தோனி காலத்தில் பிறந்துவிட்டார் என்பது ஒன்று. விடாமல் முயன்றார், கடைசியில் ஜெயித்தார் என்பது இன்னொன்று. முன்னது ஊழைச் சொல்கிறது, பின்னது முயற்சியைச் சொல்கிறது. இரண்டுமே கிடைத்த இடத்தை வைத்துத்தான் உழைப்பை அளக்கின்றன, அங்கேதான் பிசகு. கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் ஒருநாள் போட்டியிலும், நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டிலும் அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 19. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, அதுவும் அவருடைய சொந்த ஊரான சென்னையில், தோனி டெஸ்ட் கீப்பராக இறங்கினார். 2014 இறுதியில் டெஸ்டிலிருந்து ஓய்வுபெறும்வரை அந்த இடம் தோனியுடையதாகவே இருந்தது. 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன் எடுத்தவர் கார்த்திக்தான், 263 ரன். ஆனால் அதைத் தொடக்க ஆட்டக்காரராக எடுத்தார். கையுறை தோனியிடம் இருந்தது. மொத்தக் கணக்கில் இவருக்கு 26 டெஸ்ட், தோனிக்கு 90.

வேகப்பந்து வீச்சாளர்கள் மூன்று பேர் ஒரே அணியில் ஆடலாம், மட்டையாளர்கள் ஆறு பேர் ஆடலாம். கீப்பர் ஒருவர்தான். ஆகவே இந்தத் தொழிலில் ஒருவருடைய ஊழ் என்பது பெரும்பாலும் இன்னொருவருடைய திறமை. சையது கிர்மானி 1971 இங்கிலாந்துப் பயணத்திலேயே அணியோடு போனவர். கீப்பராகப் பரூக் இன்ஜினீயர் இருந்ததால் 1976 வரை டெஸ்ட் ஆடக் காத்திருந்தார், பிறகு 88 டெஸ்ட் ஆடினார். சென்னையின் பரத் ரெட்டியும் காத்திருந்தார். 1979 இங்கிலாந்துப் பயணத்துக்குக் கிர்மானியைச் சேர்க்காதபோது அவருக்கு வழி திறந்தது. நான்கு டெஸ்ட் ஆடினார். கிர்மானி திரும்பி வந்ததும் வழி மூடிக்கொண்டது. காத்திருந்தவர்கள் இருவர், கிடைத்தது ஒருவருக்கு 88, மற்றவருக்கு 4. இந்த எண்களைக் கொண்டு இருவருடைய முயற்சியையும் நிறுத்துப் பார்க்கவே முடியாது.

ஊழா முயற்சியா என்பது பழைய கேள்வி. எல்லாம் முன்பே வகுக்கப்பட்டது, முயற்சி வீண் என்றார்கள் ஆசீவகச் சமயத்தார். புகாரில் பிறந்த காப்பிய நாயகி மணிமேகலை, வஞ்சியில் சமயவாதிகளிடம் கேட்டறிந்த கொள்கைகளில் அதுவும் ஒன்று. வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வைக்கிறார். தெய்வத்தாலேயே ஆகாமல் போனாலும் உடலை வருத்தியதற்கு உரிய பலன் உண்டு என்கிறார். அந்தப் பலன் எது? பதவியாக இருக்க முடியாது, அதுதான் ஆகாமல் போயிற்றே. கீப்பரின் வேலையைப் பார்த்தால் விடை கொஞ்சம் புலப்படும். டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. ஒவ்வொன்றுக்கும் குந்தி எழ வேண்டும், மட்டையைத் தாண்டி வரும் என்றே ஒவ்வொன்றையும் நம்ப வேண்டும். பெரும்பாலான பந்துகளில் வேலை இருக்காது. ஆனாலும் அன்றைய ஒரே ஸ்டம்பிங்கைச் செய்கிற கை, வேலையில்லாத அந்தப் பந்துகளுக்கெல்லாம் குந்தியதில் உருவான கைதான். காரைக்கால் பட்டினச்சேரியில் கடலுக்குப் போனவர் வெறும் வலையோடு திரும்பினால் இன்று பாடு இல்லை என்பார்கள், தொழில் தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள். உழைத்தவரிடம் படிந்த அந்தத் தேர்ச்சிதான் வள்ளுவர் சொன்ன பலன் என்று கொள்கிறேன்.

தேர்ச்சி சோறு போடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, தொழில்முறை ஆட்டக்காரருக்குத் தேர்வும் சம்பளமும் வேண்டும், பலனில் பற்றற்றிரு என்று அவருக்கு உபதேசிப்பது வயிறு நிறைந்தவர் பேச்சு. கொழும்பைக் காட்டியும் மறுப்பார்கள். 2018 மார்ச் 18, நிதாஹஸ் கோப்பை இறுதி ஆட்டம். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் வந்த கார்த்திக் எட்டுப் பந்தில் 29 எடுத்தார், கடைசிப் பந்தில் சிக்ஸர். முயற்சி வென்றுவிட்டதே? அந்தக் கடைசிப் பந்தை வங்கதேசத்தின் சௌம்யா சர்க்கார் காலடியில் யார்க்கராக இறக்கியிருந்தால் இந்தியா தோற்றிருக்கக்கூடும். அப்போது அதற்கு முந்தைய இத்தனை ஆண்டுப் பயிற்சி பொய்யாகிவிடுமா? ஆகாது. வெற்றியைச் சாட்சிக்கு அழைத்தால் தோல்வியையும் அழைத்தாக வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஊழ் என்ற சொல் அநீதிக்குப் போர்வையாகிறது என்பது அது. முழுதாக ஒப்புக்கொள்கிறேன். புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2018-19 பருவத்தில்தான். அதுவரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் பையன் எவ்வளவு நன்றாகக் கீப்பிங் செய்தாலும், ரஞ்சி ஆட வேறொரு மாநில அணிக்குள் நுழைந்தாக வேண்டும். இதை எந்த வினைப்பயனிலும் சேர்க்க முடியாது. ஒரு நிர்வாக முடிவு தடுத்தது, இன்னொரு நிர்வாக முடிவு திறந்தது. இன்றும் புதுச்சேரியின் துத்திப்பட்டு மைதானம் காரைக்காலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பட்டினச்சேரிச் சிறுவன் ஒருவனுக்கு நாளை இடம் கிடைக்காமல் போவது தன்னைவிடச் சிறந்த கீப்பர் ஒருவரால் என்றால், ஊழ் என்று சொல்லி அவனைத் தேற்றலாம். அவன் ஆட்டத்தைப் பார்க்கவே யாரும் வரவில்லை என்றால், ஊழைக் குறை சொல்லாதீர்கள். கிரிக்கெட் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.