கணக்கில் வராத குழந்தை

ஆசிரியப் பணியில் 35 ஆண்டுகள் கழித்தவள் நான். 1986ஆம் ஆண்டு எங்கள் பள்ளி பத்தாம் வகுப்புத் தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றது. ஊரார் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினர். அப்பெருமையின் பின்னே ஒரு செய்தி மறைந்திருந்தது. கணக்கில் பின்தங்கிய ஒரு மாணவியை முந்திய ஆண்டில் ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்க ஒப்பமிட்டவள் நானே. அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. முந்திரி ஆலைக்கு வேலைக்குச் சென்றாள். தோற்றவர் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வென்றவர் பட்டியலிலும் இல்லை.

அண்மையில் எங்கள் தெருவில் நிகழ்ந்தது அவளை மீண்டும் நினைப்பித்தது. மூச்சுத் திணறிய ஒன்பது மாதக் குழந்தையைப் பெற்றோர் நள்ளிரவில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். பிராணவாயுவும் கொடாமல், "வேறிடம் கொண்டுசெல்லுங்கள்" என்று வாயிலிலேயே அனுப்பிவிட்டனர். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைந்தபோது குழந்தையின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. பல நாள் போராட்டத்துக்குப் பின் அது பிழைத்தது. பிழையாது போயிருப்பின் அவ்விறப்பு யார் கணக்கில் ஏறியிருக்கும்? மறுத்தவர் கணக்கில் அன்று; ஏற்றவர் கணக்கில்.

அங்ஙனமாயின், இறப்புக் குறைந்த மருத்துவமனையே சிறந்தது எனலாமா?

தீவிர சிகிச்சை பிறந்த கதையை நினைவுகொள்வோம். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்றோருள் பெரும்பாலோர் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர், இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, பையை அமுக்கிக் காற்றூட்டினார், அவள் பிழைத்தாள். பின்னர் மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துக் கையால் பையை அமுக்கினர். அனைவரும் பிழைத்தாரல்லர், எனினும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 'இவள் இறந்துவிடுவாள்' என்று கைவிட்டிருந்தால் அத்துறையே தோன்றியிராது.

நேர்மையாகக் கணக்கிடும் வழியும் உண்டு. 1988இல் அமெரிக்க மருத்துவர் மரே போலாக்கும் துணைவரும் 'பிரிசம்' என்னும் அளவுமுறையை வெளியிட்டனர். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, கண்மணியின் ஒளி எதிர்வினை முதலிய 14 குறிகளைக் கொண்டு நோயின் கடுமையை மதிப்பிடுவது அது. எடுத்துக்காட்டாக, நூறு குழந்தைகளுள் ஒருவர் இறக்கலாம் என எதிர்பார்த்த இடத்தில் இருவர் இறந்தனர். வேறோரிடத்தில் இருபதின்மர் இறக்கலாம் என எதிர்பார்க்கப் பதினைவர் இறந்தனர். முன்னதன் தொகை சிறிது, சிறந்தது பின்னதே. உள்ளதை உள்ளவாறு காண்பதே நற்காட்சி அன்றோ?

செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத சிறு மருத்துவமனையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. முதலுதவி செய்து, பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்து, 108 ஊர்தியில் பிராணவாயுவுடன் அனுப்புவது மறுத்தல் ஆகாது, அதுவும் ஏற்றலே. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கி.மீ. அவ்வழி நெடுகக் குழந்தையின் மூச்சுக்கு யார் பொறுப்பு என்பதே வினா.

குற்றம் மருத்துவரிடம் மட்டுமோ? நூற்றுக்கு நூறு கேட்டவர்கள் நாமே. உண்மையாகப் போராடித் தோற்ற மருத்துவர்மீது கைநீட்டுபவர்களும் நம்முள் உளர். ஏற்றவர்க்கு அடியும் மறுத்தவர்க்கு நற்பெயரும் கிடைக்குமாயின், கதவுகள் எவ்வாறு திறக்கும்?

சாவகர்க்குரிய தானங்களாக உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்கைக் கூறுவர். கல்வி கொடுக்கும் இடத்தில் இருந்த நான் அன்று ஒரு பெண்ணுக்கு அபயம் கொடுக்கத் தவறினேன். கையால் கொல்லாமை ஒருபுறமிருக்க, கதவடைத்தலால் நேரும் கேட்டினின்றும் விலகுதல் வேண்டும் என்பதை எழுபது கடந்தபின் உணர்கின்றேன்.

ஆகவே, மருத்துவமனைகளை நோக்கி, "எத்தனை பேர் இறந்தனர்?" என்று கேட்குமுன், "எத்தகையோரை ஏற்றீர்கள்? திருப்பி அனுப்பியோர் என்ன ஆயினர்?" என்று கேட்போமாக. பள்ளிகளையும் அவ்வாறே கேட்போமாக.