வார்டர் வேலைக்குப் போகலாமா?

நிலக்கோட்டைக்குப் பூ மூட்டைகள் கிளம்பும் நேரத்திலேயே எங்கள் கொடைரோட்டில் பையன்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர், பிறகு கயிறு ஏறுதல். காவலர், தீயணைப்பாளர், சிறைக்காவலர் மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்துவது ஒரே தேர்வுதான். எல்லோருக்கும் போலீஸ்தான் ஆசை. ‘ஜெயில் வார்டர்’ கிடைத்தால் வீட்டில் முகம் சுண்டிப்போகிறது. எனக்கு அது வருத்தம்.

பிடித்துக் கொடுப்பதோடு போலீஸ்காரருக்குப் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வார்டருக்கு அங்கேதான் தொடக்கம். அதே ஆளோடு வருஷக்கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடாதவன், மனு போட்டுப் பார்க்க ஒருவரும் வராதவன், ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன்: இவர்கள் முதலில் படுவது அவர் கண்ணில்தான். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்பே ஆகாதவர்கள். தண்டனை பெற்றவருக்கும்கூட, அடியும் ஏச்சும் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

கைதி தாக்கிவிடுவானோ என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். என் பயம் வேறு. ஒரு பீடிக்காக இன்னொருவர் நம்மிடம் கெஞ்சும் இடத்தில் முப்பது வருஷம் நின்றால் மனசு என்ன ஆகும்? அந்த அதட்டல் குரல் வீட்டுக்கும் வராதா, பிள்ளைகள் மேலும் விழாதா?

சாதி பார்த்துக் கைதிகளுக்கு வேலையும் இடமும் பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கக்கூஸ் கழுவ யாரைக் கூப்பிடுவது என்று காலையில் முடிவாகும்போது அங்கே நீதிபதி இருக்க மாட்டார். இந்த ஊரிலிருந்து போன பையன் ஒருவன் இருப்பான், தான் வளர்ந்த தெருவின் பழக்கங்களோடு.

நார்வேயில் இந்த வேலைக்கு வருபவர் சட்டம், உளவியல் எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டு படிக்கிறார். நம் தேர்வில் ஒருவனின் நெஞ்சளவு தெரிந்துவிடும், பொறுமை தெரியாது.

பக்கத்துத் தெருப் பையன் சேரலாமா என்று கேட்டான். முன்கோபி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். இவன் நிதானமானவன், சேரச் சொன்னேன். உள்ளே ஒருவனை அவமானப்படுத்தி மூத்தவர்கள் சிரிக்கும்போது, புதிதாக வந்த தான் சேர்ந்து சிரிக்காமல் நிற்க முடியுமா என்று மட்டும் யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன்.