உதிர்வது துறவாகுமா?

முன்நெற்றி மேலேறி, உச்சியில் தோல் தெரியத் தொடங்கிய ஒருவர் முடி வளர்க்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கினால், அவரைச் சுற்றி இரண்டு விதமான பேச்சு எழும். ஒன்று, பலிக்குமா பலிக்காதா என்பது. அதற்குப் பதில் சொல்லக் குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அலோபதிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி, ஹோமியோபதிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என இரண்டும் இங்கே உண்டு. இம்மாவட்டத்தின் வர்ம ஆசான்களுடைய வைத்திய மரபு இன்னும் அறுந்துபோகவில்லை. செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சும் பக்குவம் வீடுகளிலேயே இருக்கிறது. இன்னொரு பேச்சுதான் ஆளைக் கூசவைப்பது: எல்லாம் ஒருநாள் மண்ணுக்குப் போகிறதுதானே, இந்த முடிக்குப் போய் இவ்வளவு பற்றா? கேட்பவர் பெரும்பாலும் பக்தி உள்ளவர். கேட்கப்பட்டவருக்கும் அது நியாயம் என்றே படும்; பாட்டிலை அலமாரியின் பின்பக்கம் ஒளித்து வைப்பார். அந்தக் கேள்வி பற்றைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பது என் கருத்து. முடியைக் காக்க முயல்வதாலேயே ஒருவர் பற்றில் விழுந்துவிடுவதில்லை. உதிர விட்டதாலேயே ஒருவர் துறந்தவர் ஆகிவிடுவதும் இல்லை. தொடங்கியதை நிறுத்த முடிகிறதா என்பதில்தான் பற்று தெரியும்.

இந்த வாதம் மருந்தின் இயல்பை ஒட்டியே நிற்கிறது என்பதால், முதலில் மருந்தைப் பார்ப்போம். இவ்வகை ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருக்கும் மினாக்சிடில், முடிக்காக உருவாக்கப்பட்டதே அல்ல. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் கடுமையான ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொண்டுவந்தது. 1979-இல் அங்கே அனுமதி கிடைத்தது. சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவிலிருந்துதான் தலையில் இடும் கரைசல் பிறந்து, 1988-இல் 2 சதவீத அளவில் அனுமதி பெற்றது. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்து, பிறகு விழுகிறது. நல்ல ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். மினாக்சிடில் அந்த ஓய்வுக் காலத்தைச் சுருக்கி, வளரும் காலத்தை நீட்டுகிறது. தலை உலர்ந்திருக்க வேண்டும். முடியை விலக்கி, தோலில் படும்படி தெளித்து, விரலால் பரப்பிவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். ஆண்களுக்கு வேளைக்கு ஒரு மில்லி வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. முதல் சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்ந்திருந்த முடி புதியதற்கு இடம்விட்டு விழுவதால் அப்படி நேர்கிறது. பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், சிலருக்குத் தெரியாமலே போகும். பலித்தவர்களுக்கும், தெளிப்பதை நிறுத்திய சில மாதங்களில் வளர்ந்தது உதிர்ந்துவிடும். ஆக, இது வழுக்கையைக் குணப்படுத்தும் மருந்தில்லை. தெளிக்கிற காலம்வரை தள்ளிவைக்கும் மருந்து.

இனி துறவுக்கு வருவோம். பழனியில் மொட்டை போடுபவர் முடியைக் காணிக்கையாகக் கொடுக்கிறார். அவரிடம் முடி இருந்தது, வைத்துக்கொண்டிருக்கலாம், தானே முன்வந்து கொடுத்தார். அதனால்தான் அது காணிக்கை. சீப்பில் சிக்கியதைச் சேர்த்து யாரும் சந்நிதிக்குக் கொண்டுபோவதில்லை. துறவிலும் இதே கதைதான். குலசேகரத்துக்கு அதிகத் தொலைவில்லாத சிதறால் மலையில், பாறை முகப்பில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களை இன்றும் பார்க்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் அது சமணத் துறவிகளின் இடம். சமணத் துறவிகள் கத்தியால் மழிப்பதில்லை, கையாலேயே முடியைப் பறித்தெடுக்கிறார்கள். கருவியையோ நாவிதரையோ சார்ந்திருக்கக் கூடாது, உடம்பின் வலிக்கு மனம் அசையக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஒருமுறை பறித்தால் முடிந்துவிடுவதும் இல்லை. வளர வளர, சில மாதங்களுக்கு ஒருமுறை பறிக்கிறார்கள். அங்கே துறவு என்பது இருப்பதை விடும் செயல். உச்சி வெளுக்கிறவர் அப்படி எதையும் செய்யவில்லை, அவருக்கு ஒன்று நேர்கிறது, அவ்வளவே. பருவம் அடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களில் குடும்பவழியாக அந்தப் போக்கு உள்ளவர்களுக்கு ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் விழுகிறது என்றும் 1942-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலைக்கு ஞானம் என்றும் பெயரிட முடியாது, முன்வினை என்றும் பெயரிட முடியாது.

சிதறால் மலை இன்னொன்றையும் சொல்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி பகவதிக்குப் பொன்னணி கொடுத்த செய்தியைப் பதிந்திருக்கிறது. தன் தலைமுடியைத் தானே பறித்தெறியும் மரபில் வந்தவர், அழகுக்கு அழகு சேர்ப்பதைத் தாழ்ந்த காரியமாக நினைக்கவில்லை. சமணத்தின் சுவேதாம்பர மரபில் முதல் தீர்த்தங்கரரான ரிஷபரைப் பற்றிய கதையும் இப்படித்தான். அவர் நான்கு பிடி முடியைப் பறித்தபின், தோளில் விழுந்த மீதி முடி அழகாயிருக்கிறது, விட்டுவிடுங்கள் என்று இந்திரன் வேண்ட, அதை அப்படியே விட்டுவிட்டாராம். பறிக்கவும் முடிந்தது, பாதியில் நிறுத்தவும் முடிந்தது. முடியின்மேல் அவருக்குப் பற்று இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, நரையும் வழுக்கையும் காலம் அனுப்பும் சேதி, அதை மறைப்பது சேதியைக் கிழித்துப் போடுவது என்பது. கம்பனின் தயரதன் காதோரத்து நரையைக் கண்டுதான் இராமனுக்கு முடிசூட்ட முடிவெடுக்கிறான். ஆனால் அவனுக்கு வந்த சேதி ஆட்சிப் பொறுப்பைப் பற்றியது. நரையை என்ன செய்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை. நாட்டை ஒப்படைக்க முன்வந்தான் என்பதுதான் கணக்கு. ஸ்பிரே தெளிப்பவர் பிள்ளைகளுக்கு வழிவிட்டு, கடமைகளைக் காலத்தில் முடிக்கிறார் என்றால் சேதி அவரைச் சேர்ந்துவிட்டது. அதுவுமில்லாமல், 60 மில்லி பாட்டில் மாதத்துக்கு ஒன்று காலியாகிறது. விட்டால் போய்விடும் என்பதை ஒவ்வொரு நாளும் கையில் எடுத்துப் பார்க்கிறவர் நிலையாமையை மறந்திருக்க வழியில்லை. கூடாவொழுக்கம் அதிகாரத்துக் குறளை எடுத்துக்காட்டி, மழிப்பதும் நீட்டுவதும் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உலகம் பழிப்பதைச் செய்யாதிருப்பதே போதும், தலைக்கோலம் வேண்டாம் என்கிற அந்தக் குறள், தலையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கத்தையே தள்ளுகிறது. முடியைப் பேணுபவரைப் பற்றுள்ளவர் என்று தீர்ப்பிடுவதும் அந்தப் பழக்கம்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு சமூகத்தைப் பற்றியது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘மாப்பிள்ளைக்குக் கஷண்டியாமே’ என்று வழுக்கையைச் சொல்லி ஒதுக்குகிறார்கள் என்றால், திருத்த வேண்டியது அந்தப் பார்வையை. தலையில் மருந்து தெளிப்பது அந்தப் பார்வைக்குக் கட்டும் கப்பம் என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இங்கே அய்யா வைகுண்டர் வழி வெளிச்சம் தருகிறது. 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அவர், ஒடுக்கப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக் கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். தலைப்பாகை உலகியல், அதைவிட்டு ஆன்மாவை நினையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மானம் உடம்பின்மேல் தெரிய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வழியின் தலைமையிடமான சாமிதோப்பின் பள்ளியறையில் கண்ணாடி வைத்து, அதில் தெரியும் தன் உருவின் முன்னே மனிதனை நிற்கவைத்த வழிபாட்டிலும் அதே மரியாதை இருக்கிறது. சாதிக்கொடுமையையும் வழுக்கையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் ஒருவர் தன் உருவத்தைப் பேணுவது கீழான ஆசை என்ற எண்ணத்துக்கு இந்த மண்ணின் சமயத்திலேயே பதில் இருக்கிறது. மறுப்பில் உள்ள உண்மையும் இங்கேதான் தெளிகிறது. தலைப்பாகை, பார்க்கிறவர்கள் அனுமதித்துத் தந்ததல்ல. அதுபோல, கண்ணாடிமுன் தனக்காகத் தெளிக்கிறவருக்குக் குறை இல்லை. பெண்வீட்டாரின் பார்வைக்குப் பயந்து தெளிக்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பயத்தோடுதான் தெளிப்பார்.

நிறுத்த முடிவதே அளவுகோல் என்றால், ரத்த அழுத்த மாத்திரையையும் மூக்குக்கண்ணாடியையும் நிறுத்திக் காட்டச் சொல்வாயா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அவை உயிரையும் பார்வையையும் காப்பவை. தோற்றம் ஒன்றைத் தவிர வேறெதுவும் பணயம் வைக்கப்படாத இடத்தில்தான் இந்த அளவுகோல் செல்லும். முடி கொட்டுவது எல்லோருக்கும் தோற்றப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறு, இரும்புச் சத்துக் குறைவு, பெரிய காய்ச்சல், பிரசவம் ஆகியவற்றை அடுத்துக் கொட்டும் முடி உள்ளேயிருக்கும் காரணத்தைக் காட்டுகிறது. வட்டவட்டமாக உதிர்ந்தால் அது வேறு நோய். அப்போது தேவை ரத்தப் பரிசோதனையும் தோல் மருத்துவரும். மினாக்சிடிலால் தோல் அரிக்கலாம், சிலருக்கு நெஞ்சு படபடக்கலாம். வழுக்கைக்கான இன்னொரு மருந்தான பினாஸ்டெரைடு சேர்த்துத் தயாரிக்கும் ஸ்பிரேக்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் எச்சரித்திருக்கிறது. மனச்சோர்வும் பாலுறவு நாட்டக் குறைவும் அந்த மருந்தோடு பேசப்படும் தொல்லைகள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. இத்தனையும் தெரிந்த பிறகும் நிறுத்த மனம் வராதபோது மருந்து கருவியாக இருப்பது முடிந்து, மனிதன் அதற்குக் கருவியாகிறான். பற்று என்று நம் சான்றோர் கண்டித்தது அந்த நிலையைத்தான்.

எனவே, முதல் பாட்டிலை வாங்கும் முன்பே எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்துகொள்வது மருத்துவத்துக்கும் நல்லது, ஆன்மாவுக்கும் நல்லது. இத்தனை மாதத்தில் பலன் தெரியாவிட்டால், மாதச் செலவு இவ்வளவைத் தாண்டினால், உடம்பு இப்படிப் படுத்தினால் விட்டுவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லி, சொன்னபடி விட முடிகிறவர் தாராளமாகத் தெளிக்கலாம். அவரைப் பற்றுள்ளவர் என்று யாரும் குறைசொல்ல வேண்டாம். அப்படி விடுகிற நாளில் அவர் தலையிலிருந்து போகும் முடி, முதல்முறையாக அவரே விட்டுக்கொடுத்த முடியாக இருக்கும்.